தேயாத கல் வெட்டாது: கிரைண்டிங் வீலுக்குள் என்ன நடக்கிறது

"நல்லா கெட்டியான கல்லாக் குடுங்க, சீக்கிரம் தேயக் கூடாது." சேலத்தில் கிரைண்டிங் வீல் விற்கிற கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். நேற்று லேத் பட்டறைக்கு வேலைக்குச் சேர்ந்த பையனும் இதைத்தான் கேட்கிறான், பல வருஷமாகச் சொந்தப் பட்டறை வைத்திருப்பவரும் இதையேதான் கேட்கிறார். காசு போட்டு வாங்கிய பொருள் கண் முன்னால் தூளாகிப் போவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது, புரிகிறது. ஆனால் கிரைண்டிங் கல்லைப் பொறுத்தவரை தேய்மானம் என்பது பழுது கிடையாது, அதுதான் அந்தக் கல் வேலை செய்கிற முறையே. சரியான வேகத்தில், சரியான விதத்தில் தேயணும். தேயவே தேயாத கல் ஒன்றை வாங்கி மாட்டினால் அது இரும்பை வெட்டாது, தேய்த்துச் சூடாக்கி நீலமாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

இது ஏன் என்று புரிய, முதலில் கல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கணும்.

பெயர்தான் கல், ஆனால் பாறையில் செதுக்கி எடுத்ததில்லை. கார்த்திகைக்குப் பிடிக்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: பொரி இருக்கிறது, பொரியைப் பிடித்து வைக்கிற வெல்லப்பாகு இருக்கிறது, நடுநடுவே காற்று இருக்கிறது. கிரைண்டிங் வீலும் இந்த மூன்றும்தான். பொரியின் இடத்தில் வெட்டுகிற மணிகள், பாகின் இடத்தில் பாண்டு என்கிற பிணைப்புப் பொருள், அப்புறம் துளைகள். இந்த மூன்றின் கன அளவையும் கூட்டினால் நூறு சதவீதம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே ஆகணும். கல்லைப் பற்றிப் படிக்கப் போகிற மற்ற எல்லா விஷயமும், ஒரு எழுத்து மாறினால் விலை மாறுவது உட்பட, இந்த மூன்று பங்கு எப்படிப் பிரிகிறது என்பதில்தான் வந்து நிற்கும்.

மணியிலிருந்து ஆரம்பிப்போம். பெரும்பாலான பட்டறைகளில் இருப்பது இரண்டே வகைதான். ஒன்று அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட்டை மின்வில் உலையில் சுமார் 2000 டிகிரிக்கு உருக்கி, ஆறவைத்து, உடைத்து, சலித்து எடுப்பது பழுப்பு நிற மணி. சுத்தமான அலுமினாவை உருக்கி எடுப்பது வெள்ளை மணி. ஏற்காடு மலை உச்சியில் இருக்கிற பாக்சைட்டை வெட்டி மேட்டூருக்கு அலுமினியம் எடுக்க அனுப்பிய கதை நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; அதே வகைத் தாதுதான் பழுப்புக் கல்லுக்கும் மூலப்பொருள். இரண்டாவது சிலிக்கான் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் கண்டுபிடித்தது, மணலும் கரியும் மின்உலையில் சேர்ந்து உருவாவது. அதில் சுத்தமான ரகம்தான் பட்டறையில் நாம் சொல்கிற பச்சைக் கல்.

சிலிக்கான் கார்பைடு அலுமினியம் ஆக்சைடை விடக் கடினமானது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். எஃகில் போட்டுப் பாருங்கள், மடமடவென்று மழுங்கும். வெட்டுகிற புள்ளியில் கண நேரத்துக்கு வருகிற சூட்டில் இரும்பு அந்தக் கார்பைடுடன் வேதிவினை புரிந்து அதை அரித்துவிடும். அதனால் எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடு. வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம், கிரானைட், கார்பைடு டிப் (லேத் உளியின் முனையில் ஒட்டுகிற கடினத் துண்டு) இதற்கெல்லாம் சிலிக்கான் கார்பைடு. வைரத்துக்கும் இதே சிக்கல் உண்டு, அதுவும் கார்பன்தானே, சூட்டில் இரும்புக்குள் கரையும். உலகத்திலேயே கடினமான பொருளை எஃகு அறுக்கப் பயன்படுத்தாமல், அதற்கு அடுத்தபடியாக இருக்கிற சிபிஎன் என்னும் கனசதுரப் போரான் நைட்ரைடைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான். கடினம் என்பது பாதி விஷயம், எந்த உலோகத்தோடு எப்படி ஒத்துப்போகிறது என்பது மீதிப் பாதி.

இந்தச் செயற்கை மணிகளெல்லாம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் சாணை பிடித்தது எதை வைத்து? குருந்தக் கல்லை, அதாவது இயற்கையிலேயே கிடைக்கிற அலுமினியம் ஆக்சைடைப் பொடித்து, அரக்கில் குழைத்து, வட்டமாக்கிச் சாணைச் சக்கரம் செய்தார்கள். அந்தக் குருந்தம் பழைய சேலம் மாவட்டத்திலேயே கிடைத்தது, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற சித்தம்பூண்டிப் பக்கம். மணி, பாண்டு என்கிற அமைப்பு அதிலேயே முழுசாக இருக்கிறது. அரக்கைப் பாண்டாக வைத்த கல் பளபளப்பான முடிப்பு வேலைகளுக்காக இன்றும் உலகம் முழுக்கச் செய்யப்படுகிறது.

சரி, பாண்டு. களிமண், ஃபெல்ட்ஸ்பார் மாதிரிப் பொருள்களை மணியோடு கலந்து அழுத்தி, சூளையில் ஆயிரம் டிகிரி அளவில் சுட்டால், அது கண்ணாடி போல உருகி மணிக்கும் மணிக்கும் நடுவே சின்னச் சின்னப் பாலமாக இறுகிவிடும். இதுதான் விட்ரிஃபைடு. சர்ஃபேஸ் கிரைண்டர், டூல் கிரைண்டர், பெஞ்ச் கிரைண்டரில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான். விறைப்பானது, தண்ணீர், எண்ணெய் எதற்கும் அசராது, ஆனால் கீழே போட்டால் விரிசல் விடும். இரண்டாவது ரெசின் பாண்டு. 200 டிகிரிக்குள்ளேயே இறுகும், கொஞ்சம் நெகிழ்வு உண்டு, அடி தாங்கும். கையில் பிடிக்கிற ஆங்கிள் கிரைண்டரின் கட்டிங் வீல், கிரைண்டிங் டிஸ்க் எல்லாம் கண்ணாடி நார் வலை வைத்த ரெசின் கல்தான்.

மூன்றாவதாக ஒன்று, சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பேர் வைத்திருக்கிற ஊர் இது. ஏற்காடு அடிவாரத்தில் வெட்டி எடுக்கிற வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, அளவான சூட்டில் சுட்டுப் பொடியாக்கி, மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் சிமென்ட் மாதிரி தானாகவே இறுகும், உலை தேவையில்லை. அந்தக் குழைவில் எமரி என்கிற இயற்கை மணியைக் கலந்து செய்கிற கல்தான் மேக்னசைட் பாண்டு. அரிசி ஆலையில் தவிடு நீக்கித் தீட்டுகிற கூம்பின் மேல் பூசியிருப்பது இந்தக் கலவைதான், மாவு மில் எமரிக் கல்லும் இதே வகைதான். அரிசி ஆலைகளில் கூம்பு தேய்ந்ததும் ஆட்களே கலவை குழைத்து மறுபடி பூசிவிடுவார்கள். இறுக்கமில்லாத பாண்டு என்பதால் சூடு ஏறாமல் வெட்டும், அதனால் கத்தி மாதிரி மெல்லிய பொருள்களுக்கும் நல்லது. ஈரம் மட்டும் ஆகாது. சேலத்து வெள்ளைக்கல் என்றாலே எல்லோரும் உலைச் செங்கல்லைத்தான் சொல்வார்கள், இந்தப் பயனைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிகிறது.

இப்போது கல்லின் மேல் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்தைப் படிக்கலாம். ஏ 60 கே 5 வி என்று இருந்தால், ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு, சி இருந்தால் சிலிக்கான் கார்பைடு. 60 என்பது மணியின் அளவு: ஒரு அங்குல நீளத்தில் அத்தனை கண்கள் உள்ள சல்லடை என்பதிலிருந்து வந்த எண், அதனால் எண் ஏற ஏற மணி சிறுத்துப் போகும். 24 என்றால் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 60 என்றால் கால் மில்லிமீட்டர், 120 என்றால் சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். கடைசியில் இருக்கிற வி விட்ரிஃபைடு, பி என்றால் ரெசின். முன்னாலும் பின்னாலும் கம்பெனியின் சொந்த எண்கள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நடுவில் இருக்கிற கே-யும் 5-உம்தான் விஷயம். கே என்பது கிரேடு. ஏ-யில் தொடங்கி இசட் வரை போகும், ஏ மிக மிருது, இசட் மிகக் கெட்டி. இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுவது. கெட்டியான கல் என்றால் அதில் இருக்கிற மணி கடினமானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மணி இரண்டிலும் ஒன்றேதான். கிரேடு சொல்வது பாண்டின் பிடியை: ஒரு மணி மழுங்கிப் போனபிறகு அதை எவ்வளவு விசை வரும்வரை பாண்டு விடாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதை. மிருதுவான கல் சீக்கிரம் விட்டுவிடும், கெட்டியான கல் விடாது. அவ்வளவுதான். இன்னொன்று, ஒரு கம்பெனியின் கே இன்னொரு கம்பெனியின் கே-க்குச் சமமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், அந்த எழுத்து ஒவ்வொருவரும் தங்கள் வரிசைக்குள் வைத்துக்கொள்கிற படிதான்.

5 என்பது ஸ்ட்ரக்சர், அதாவது மணிகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. வழக்கமான கணக்கில் 0 என்றால் கல்லின் கன அளவில் 62 சதவீதம் மணி, ஒவ்வொரு எண் ஏறும்போதும் 2 சதவீதம் குறையும். 5 என்றால் 52 சதவீதம், 8 என்றால் 46, 12 என்றால் 38. மணி 52 சதவீதம் என்று வைத்துவிட்டால் மீதி 48-ஐப் பாண்டும் துளையும் பங்கு போட்டுக்கொள்ளணும். பாண்டு 8 துளை 40 என்றால் மணிகளைப் பிடித்திருக்கிற பாலங்கள் மெலிசாக இருக்கும், கல் மிருது. பாண்டு 14 துளை 34 என்றால் பாலங்கள் தடித்துவிடும், கல் கெட்டி. மணியும் அதே, நெருக்கமும் அதே, கிரேடு மட்டும் மாறிவிட்டது. இந்த ஒரு கணக்கை உட்கார்ந்து யோசித்துவிட்டால் லேபிளில் பாதி புரிந்த மாதிரி.

துளை எதற்கு? கிரைண்டிங் என்பது தேய்ப்பது மாதிரி தெரிந்தாலும் உண்மையில் வெட்டுதான். சர்ஃபேஸ் கிரைண்டரின் அடியில் சேர்கிற தூளைக் கொஞ்சம் எடுத்து, கழுவி, நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், லேத்தில் வருகிற சுருள்கள் மாதிரியே குட்டிக் குட்டிச் சுருள்கள் தெரியும். பொறியாகப் பறப்பதும் அந்தச் சுருள்தான், காற்றில் எரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி டூல் பிட், அதாவது லேத்தில் வெட்டுகிற உளி மாதிரி. அது வெட்டிய சுருளுக்கு, வேலைப்பொருளை விட்டு வெளியே வரும்வரை இருக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம்தான் துளை. சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் உள்ளே போவதும் அந்த வழியாகத்தான். அகலமான பரப்பு, நீளமான தொடுகை, இழுவையான உலோகம் என்றால் துளை நிறைய வேண்டும், ஸ்ட்ரக்சர் எண் ஏறணும். ரொம்பத் திறந்த கல் வேண்டுமென்றால் கலவையிலேயே எரிந்து போகிற ஒரு பொருளைச் சேர்த்துச் சுடுவார்கள், அது போன இடம் துளையாக நின்றுவிடும். முனை, மூலை, சின்ன ஆரம் பிடித்து நிற்க வேண்டிய வேலைக்கு நெருக்கமான கல்.

இனி தேய்மானம். கல் மூன்று விதமாகத் தேய்கிறது.

முதலாவது, மணியின் கூர்முனை மழுங்கித் தட்டையாவது. எடை பார்த்தால் இதில் கல் இழப்பது அற்பம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம் இதுதான். தட்டையான மணி வெட்டாமல் தேய்க்கிறது, தேய்த்தால் சூடு. கல்லின் முகப்பில் சில சதவீதப் பரப்பு இப்படித் தட்டையானாலே போதும், விசை ஏறிக்கொண்டே போய் வேலைப்பொருள் எரியத் தொடங்கிவிடும். இரண்டாவது, மணியே உடைவது. மழுங்கிய மணியின் மேல் விசை கூடுகிறது, ஒரு கட்டத்தில் அது விரிந்து ஒரு சில்லு போய், புதுக் கூர்முனை வெளியே வருகிறது. வெள்ளைக் கல்லை டூல் கிரைண்டிங்குக்கு விரும்புவதற்குக் காரணம் அதன் மணி சுலபமாக உடையும், அதனால் சூடு குறைவு. மூன்றாவது, பாண்டுப் பாலம் முறிந்து மணி முழுசாகக் கழன்று போவது. அது போனதும் அடியில் இருக்கிற கூரான மணி முன்னுக்கு வரும். கல்லின் விட்டம் குறைவதாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மணி மழுங்குகிறது, அதனால் விசை ஏறுகிறது, அந்த விசையே மணியை உடைக்கிறது அல்லது பிடுங்கி எறிகிறது, புதுக் கூர் வருகிறது, விசை இறங்குகிறது. யாரும் கை வைக்காமல் கல் தன்னைத்தானே கூராக்கிக்கொள்கிறது! லேத் பிட் மழுங்கினால் நாம்தான் கழற்றிச் சாணை பிடிக்கணும். கல்லுக்கு அந்த வேலையைத் தேய்மானமே செய்துகொடுக்கிறது. கிரேடு தேர்ந்தெடுப்பது என்றால் இந்தச் சுழற்சி சரியான நேரத்தில் நடக்கும்படி பார்த்துக்கொள்வதுதான், வேறொன்றுமில்லை. பிடி அதிகமானால் மழுங்கிய மணி போகாமல் உட்கார்ந்திருக்கும். பிடி குறைந்தால் மணி பாதிகூட வேலை செய்யாமல் கழன்று போகும், கல் கரையும், மூலை போய்விடும், அளவு நிற்காது.

கடினமான உலோகத்துக்கு மிருதுவான கல், மிருதுவான உலோகத்துக்குக் கெட்டியான கல் என்று பெரியவர்கள் சொல்வது இதிலிருந்துதான் வருகிறது. ஹார்டனிங் செய்த, அதாவது சுட்டுக் கடினமாக்கிய டை (அச்சு), எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் இவற்றில் மணி வேகமாக மழுங்கும், ஆகவே சீக்கிரம் விட்டுவிடுகிற கல் வேண்டும், எச் முதல் கே வரை. சாதா மைல்டு ஸ்டீலில் மணி அவ்வளவு சீக்கிரம் மழுங்காது, எனவே கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிற எல், எம், என் மாதிரி கல் போதும். கடினமான டை அரைக்கும்போது கல் சூடாகிறது என்றதும் "கல் பத்தல, இன்னும் கெட்டியாப் போடு" என்று சொல்கிறவர் நேர் எதிர்த் திசையில் போகிறார்.

கல் வெட்டவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று, இரண்டையும் கலந்துவிடக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி முகப்பைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுமினுத்தால், விரலால் தடவினால் வழுவழுப்பாக இருந்தால், அது கிளேஸ்: மணி மழுங்கியும் போகாமல் நிற்கிறது. கிரேடை ஒரு எழுத்து இறக்குங்கள். மினுமினுப்பு பொட்டுப் பொட்டாக, உலோகத்தின் நிறத்தில் இருந்தால் அது லோடிங், துளைகளில் சுருள் அடைத்துக்கொண்டது. அலுமினியம், செம்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் இந்த ரகம். இதற்கு மருந்து திறந்த ஸ்ட்ரக்சர், கொஞ்சம் பெரிய மணி, கூலன்ட் நன்றாகப் பாய்வது. சேலம் உருக்காலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் வேலை நிறையப் பேருக்கு வரும், அவர்களுக்காக ஒன்று: மைல்டு ஸ்டீலில் ஓட்டிய டிஸ்க்கை அப்படியே ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்காதீர்கள். டிஸ்க்கில் ஒட்டியிருந்த இரும்பு ஸ்டெயின்லெஸ் முகப்பில் பதிந்து, பிறகு அந்த இடத்தில் துரு பூக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு என்றே இரும்பு, கந்தகம், குளோரின் மிகக் குறைவாக வைத்துச் செய்த டிஸ்க் கிடைக்கிறது, தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொரு சூட்சுமம். கல்லின் மேல் கே என்று எழுதியிருந்தாலும் அது எப்போதும் கே மாதிரி நடந்துகொள்ளாது. ஒவ்வொரு மணியின் மேலும் எவ்வளவு விசை விழுகிறது என்பதைப் பொறுத்து அதே கல் மிருதுவாகவோ கெட்டியாகவோ நடக்கும். வேலைப்பொருளை வேகமாக ஓட்டினால், ஆழத்தைக் கூட்டினால், ஒவ்வொரு மணியும் தடித்த சுருளை வெட்ட வேண்டிவரும், விசை கூடும், கல் மிருதுவாக நடக்கும். கல்லின் விளிம்பு வேகம் கூடினால் சுருள் மெலியும், கல் கெட்டியாக நடக்கும். பெஞ்ச் கிரைண்டரில் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 மில்லிமீட்டர் கல் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 29 மீட்டர். அதே கல் தேய்ந்து 150 மில்லிமீட்டர் ஆகும்போது சுற்று மாறவில்லை, ஆனால் வேகம் 22 மீட்டர்தான். "புதுசா இருக்கப்ப நல்லா நின்னுச்சு, பாதிக்கு மேல கடகடன்னு கரையுது, உள்ளே மட்டமான சரக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. சரக்கு ஒன்றேதான். வேகம் குறைந்ததால் கல் மிருதுவாகிவிட்டது.

இதே அறிவு உடனடியாகவும் உதவும். கையில் இருக்கிற கல் கொஞ்சம் கெட்டி, வேறு கல் இப்போது கிடைக்காது என்றால், டேபிள் (வேலைப்பொருளைத் தாங்கி ஓடுகிற மேசை) வேகத்தைக் கூட்டுங்கள், கிளேஸ் ஓரளவு விடும். கல் கரைகிறது என்றால் ஆழத்தைக் குறையுங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிற கவாத்துக் கத்தி, அரிவாள் எல்லாம் கார்பன் ஸ்டீல். மழுங்கிப்போன கல்லில் அழுத்திப் பிடித்தால் முனை முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம். வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி, நீலம் வந்தால் சுமார் 300. நீலம் வந்த இடத்தில் டெம்பர், அதாவது கத்திக்குக் கொடுத்த கடினம், போய்விட்டது, மேலே தேய்த்து நிறத்தை எடுத்துவிட்டாலும் அந்த இரும்பு திரும்பவும் பழைய கூரைத் தாங்காது. கத்தியைக் குறை சொல்வார்கள், கொல்லரைக் குறை சொல்வார்கள். கல் கூராக இருந்து, லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, அடிக்கடி தண்ணீரில் நனைத்திருந்தால் அந்தக் கத்தி இன்னும் பல பருவம் வேலை செய்திருக்கும்.

தானாகக் கூராகும் என்று சொன்னேன், ஆனால் நுட்பமான வேலையில் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது, அதற்குத்தான் டிரஸ்ஸிங், அதாவது கல்லின் முகப்பை நாமே சீவிக் கூராக்குவது. பெஞ்ச் கிரைண்டரில் நட்சத்திரச் சக்கர டிரஸ்ஸர், சர்ஃபேஸ் கிரைண்டரில் ஒற்றைப் புள்ளி வைரம். வைரத்தைக் கல்லின் மையத்துக்கு நேராகக் குத்தி வைக்கக் கூடாது, கல் சுழலும் திசையில் 10 முதல் 15 டிகிரி சாய்த்து வைக்கணும், ஒரு தடவைக்கு 0.02 மில்லிமீட்டர் மாதிரி எடுத்தால் போதும், கூலன்ட் ஓடணும், அவ்வப்போது வைரத்தைத் தண்டோடு கொஞ்சம் திருப்பி வைக்கணும், இல்லையென்றால் ஒரே பக்கம் தட்டையாகிவிடும். வைரம் தட்டையானால் அது மணியைக் கூராக்காது, கல்லை மழுக்கும். வைரத்தைக் குறுக்கே வேகமாக நகர்த்தினால் முகப்பு திறந்து சொரசொரப்பாகும், வேகமாக வெட்டும். மெதுவாக நகர்த்தினால் முகப்பு மூடி வழவழப்பாகும், நல்ல முடிப்பு வரும், ஆனால் சீக்கிரம் சூடேறும். ஒரே கல்லில் காலையில் ரஃப், மாலையில் ஃபினிஷ் என்று ஓட்டுகிறவர்கள் பயன்படுத்துவது இந்த வித்தையைத்தான்.

டிரஸ் செய்த கையோடு கல் வேகமாகத் தேயும், வைரம் உடைத்துவிட்ட தளர்ந்த மணிகள் முதலில் உதிரும். அப்புறம் நீண்ட நேரம் சீராகப் போகும். கடைசியில் மறுபடி தேய்மானம் ஏறும், அல்லது சூடு ஏறும், அப்போது அடுத்த டிரஸ்ஸிங். முதல் சில தடவை ஓட்டத்திலேயே அளவை முடித்துவிடப் பார்த்தால் அளவு நிற்காமல் போவது இதனால்தான்.

கல் எவ்வளவு நல்லது என்று அளக்க ஒரு எளிய எண் இருக்கிறது, ஜி ரேஷியோ. வெட்டி எடுத்த உலோகத்தின் கன அளவை, தேய்ந்த கல்லின் கன அளவால் வகுப்பது. 40 கன சென்டிமீட்டர் எஃகு எடுக்க 2 கன சென்டிமீட்டர் கல் போனால் ஜி 20. வனேடியம் அதிகமுள்ள சில டூல் ஸ்டீலில் சாதாரணக் கல்லுக்கு இது 1-ஐக்கூடத் தொடாது, சிபிஎன் கல்லில் ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் ஜி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளேஸ் ஆன கல்லுக்கு ஜி அருமையாக இருக்கும், அது தேயவே இல்லையே. பக்கத்தில் எரிந்து போன டை கிடக்கும். கல்லின் விலையை மட்டும் பார்க்காமல், ஒரு பொருளை முடிக்க ஆன நேரம், ரிஜெக்ட் ஆனது, டிரஸ்ஸிங்குக்குப் போன நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான சின்னப் பட்டறைகளில் தேவைக்கு மேல் கெட்டியான கல்தான் ஓடுகிறது என்பது என் கருத்து.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. விட்ரிஃபைடு கல்லை மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டுங்கள், கணீரென்று கேட்கணும்; மந்தமாகக் கேட்டால் விரிசல், எடுத்து உடைத்துப் போட்டுவிடுங்கள். ரெசின் கல் இயல்பாகவே மந்தமாகத்தான் கேட்கும். வட்டக் காகிதத்தைக் கிழிக்காதீர்கள், கல்லை இருபக்கமும் பிடிக்கிற ஃபிளாஞ்ச் தட்டின் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். வேலைப்பொருளை வைத்துப் பிடிக்கிற டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கல் தேயத் தேய நகர்த்திக்கொண்டே வரணும். தட்டைக் கல்லின் பக்கவாட்டில் வைத்து அரைக்காதீர்கள், அது அந்த விசைக்காகச் செய்யப்படவில்லை. கல்லில் எழுதியிருக்கிற சுற்றுக்கு மேல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. புதுக் கல்லைப் போட்டதும் விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ரெசின் டிஸ்க்குக்குக் காலாவதி தேதி உண்டு, உலோக வளையத்திலோ லேபிளிலோ அச்சாகியிருக்கும். ஈரம் ரெசின் பிடியை மெல்ல மெல்லக் குறைத்துவிடும், ஆகவே பனி மூட்டத்திலேயே பாதி வருஷம் இருக்கிற ஏற்காடு மாதிரி இடத்தில் டிஸ்க்குகளைத் திறந்த ஷெட்டில் போட்டு வைக்காமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

அடுத்த தடவை கல் வாங்கப் போகும்போது பழைய கல்லின் லேபிளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ன உலோகம், ஹார்டனிங் ஆனதா, கல் மினுமினுக்கிறதா, அடைக்கிறதா, கரைகிறதா என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள், "கெட்டியா வேணும்" என்பதை விட அவருக்கு அது நிறையச் சொல்லும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுங்கள். மினுமினுத்தால் கே-யை ஜே ஆக்குங்கள், மணி, ஸ்ட்ரக்சர், பாண்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அடைத்தால் 5-ஐ 8 ஆக்குங்கள், கிரேடைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.